புகையில் பாஸ், புத்தகத்தில் ஃபெயில்

டீசல் வண்டியின் புகையை அளக்கும் கருவிக்குள் 43 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு வெற்றிடைவெளி இருக்கிறது. ஒரு முனையில் பச்சை விளக்கு, மறுமுனையில் அந்த ஒளியைப் பிடிக்கும் உணரி. சைலன்சர் வாயில் செருகிய குழாய் வழியாகப் புகை வந்து அந்த இடைவெளியை நிரப்பும். புறப்பட்ட ஒளியில் எத்தனை பங்கு மறுமுனைக்கு வந்து சேரவில்லை என்பதுதான் அளவு. நூற்றில் 65 பங்கு காணாமல் போனால் 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு. பிஎஸ் (பாரத் ஸ்டேஜ்) 4 மாசுத் தரநிலைக்கு முந்தைய டீசல் வண்டிகளுக்கு இந்தியாவில் அதுதான் உச்ச வரம்பு. பிஎஸ் 4 வண்டி என்றால் 50.

சட்ட அட்டவணையில் இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு எண்ணும் இருக்கும். பழைய வண்டிக்கு மீட்டருக்கு 2.45, பிஎஸ் 4-க்கு 1.62, பிஎஸ் 6-க்கு 0.7. இதைக் கே மதிப்பு என்பார்கள். ஹார்ட்ரிட்ஜ் அலகு கருவியின் நீளத்தைப் பொறுத்தது. இதே புகையை இரண்டு மடங்கு நீளமான குழாயில் அடைத்தால் 65 காட்டாது, 88 காட்டும். கே மதிப்போ புகைக்கே உரிய குணம், குழாய் எத்தனை நீளமானாலும் மாறாது. ஒளி ஒரு ஊடகத்துக்குள் போகப் போக, ஒவ்வொரு அடியிலும் மிஞ்சியதில் ஒரே விகிதம் குறையும் என்ற பியர்-லாம்பர்ட் விதிதான் இரண்டு எண்களையும் இணைக்கிறது. கால்குலேட்டர் இருந்தால் சரிபார்க்கலாம். 2.45-ஐ 0.43-ஆல் பெருக்கி, 2.718-க்கு எதிர்மறை அடுக்காக வைத்தால் 0.35 வரும். மிஞ்சிய ஒளி 35 பங்கு, தொலைந்தது 65. பிஎஸ் 6-க்கு இதே கணக்கைப் போட்டால் 26 வரும்.

சோதனை செய்யும் முறை இன்னும் சுவாரசியமானது. வண்டி நிற்கும் இடத்திலேயே நிற்கும், கியர் நியூட்ரலில். இன்ஜின் ஆயில் நன்றாகச் சூடான பிறகு ஆக்சிலேட்டரை ஒரே மிதியில் கடைசி வரை அழுத்துவார்கள். ஐடிலிலிருந்து உச்ச சுழற்சிக்கு இன்ஜின் பாயும். விட்டுவிட்டு மறுபடி மிதிப்பார்கள், சில முறை. இதற்கு ஃப்ரீ ஆக்சிலரேஷன் சோதனை என்று பெயர். ரோட்டில் இழுப்பதற்குச் சுமை இல்லாத இடத்தில் இன்ஜினுக்கு எது சுமை? தன் சொந்த ஃப்ளைவீலும் கிராங்க்கும்தான். அவற்றைச் சடாரென்று வேகப்படுத்தத் தேவைப்படும் விசையே அந்த ஒன்றிரண்டு நொடிக்கு முழுச்சுமை ஆகிறது. டைனமோமீட்டர் வாங்க வக்கில்லாத இடத்திலும் செய்யக்கூடிய கெட்டிக்கார ஏற்பாடு இது. ஆனால் வண்டிக்குள் இருப்பது எந்த இன்ஜின், யார் செய்தது, எந்த ஆண்டுக்கு என்பதெல்லாம் அந்தப் பச்சை ஒளிக்குத் தெரியாது.

ஆர்சி புக்குக்குத் தெரியும். இன்ஜின் மாற்றிய வண்டிக்குச் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்தமானை எடுத்துக்கொள்வோம். போர்ட் பிளேரிலிருந்து (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) டிக்ளிப்பூர் போகும் அந்தமான் டிரங்க் ரோடு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஜிர்காடாங் சோதனைச்சாவடியில் வரிசை கட்டி நின்று, குறித்த நேரத்தில் கான்வாயாகத்தான் ஜாரவா காப்பகத்தைக் கடக்கலாம். மிடில் ஸ்ட்ரெயிட்டில் வண்டியைப் படகில் ஏற்ற வேண்டும். பெருஞ்சாலையை விட்டு இறங்கினால் செம்மண்ணும் சேறும். ஆண்டு மழை சுமார் 3,000 மில்லிமீட்டர், சென்னையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். தீவுகளின் பரப்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் காடு. ஆகவே இங்கே ஃபோர் வீல் வண்டி பெரும்பாலும் பொழுதுபோக்கு அல்ல, பாக்குத் தோட்டத்துக்கும் கட்டட வேலைக்கும் போய்ச் சேரும் வழி. (காட்டுக்குள் விளையாட்டுக்காக ஓட்டுவதும், ஆமை முட்டையிடும் கடற்கரையில் சக்கரம் பதிப்பதும் வேறு குற்றங்கள். அவற்றை இங்கே பேசவில்லை.)

பெட்ரோலும் டீசலும் நாட்டிலேயே விலை குறைந்த இடங்களில் ஒன்று இது. வரி மிகக் குறைவு. அப்படியானால் இன்ஜின் மாற்றும் ஆசை ஏன் வருகிறது? இழுவைக்காக, பாகங்களுக்காக. ஒரு உதாரண வண்டியை வைத்துக்கொண்டு பேசினால் எளிது. 2007-இல் பதிவான மாருதி ஜிப்சி, ஏஎன் 01 எண். 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 80 குதிரைத்திறன், 103 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதுவும் உயர்ந்த சுழற்சியில்தான். சேற்றில் புதைந்த வண்டிக்குத் தேவை கீழ்ச் சுழற்சியிலேயே கிடைக்கும் இழுவை. ஸ்விஃப்ட் காரில் வந்த 1,248 சிசி காமன் ரெயில் டீசல் இன்ஜின் 2,000 சுழற்சியிலேயே 190 நியூட்டன் மீட்டர் தரும். ஏறத்தாழ இரட்டிப்பு. அதன் நாசிலும் டர்போவும் தெரிந்த மெக்கானிக் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். சென்னையிலிருந்து கப்பலில் சுமார் 1,200 கிலோமீட்டர், மூன்று நாள் வரை ஆகும் இடத்தில், கிடைக்காத பாகத்துக்காக மழைக்காலம் முழுக்க வண்டியை ஷெட்டில் போட்டு வைக்க யாருக்கும் மனம் வராது.

வேலை நடக்கும் விதமும் ஊரறிந்ததுதான். புது இன்ஜினுக்கும் பழைய கியர்பாக்ஸுக்கும் நடுவே லேத்தில் கடைந்த அடாப்டர் பிளேட். இன்ஜின் மவுண்டிங் வெட்டி ஒட்டப்படும். ரேடியேட்டர் மாறும், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் குழாய் வளைத்து வளைத்து இழுக்கப்படும். முதல் ஸ்டார்ட்டில் கரும்புகை கக்கும். அதைக் கண்டு மெக்கானிக் கவலைப்பட மாட்டார். புகையின் நிறத்தைப் பார்த்தே அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். கறுப்பு என்றால் காற்றுக்கு மிஞ்சிய டீசல். நீலம் என்றால் பிஸ்டன் ரிங்கையோ வால்வு சீலையோ டர்போவையோ தாண்டி ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளை வந்தால் எரியாத டீசல் ஆவி, அல்லது ஹெட் கேஸ்கெட் போய்த் தண்ணீர்.

இவற்றில் புகைமானி முக்கியமாகப் பிடிப்பது கறுப்பை. அது எப்படி உருவாகிறது? டீசல் இன்ஜினில் காற்றும் எரிபொருளும் முன்கூட்டியே கலப்பதில்லை. அழுத்திச் சூடேற்றிய காற்றுக்குள் டீசலைப் பீய்ச்சுகிறோம். தாரையின் நடுவில் எரிபொருள் நெருக்கம், ஆக்சிஜன் பஞ்சம். அங்கே வெப்பம் மட்டும் உண்டு. டீசல் மூலக்கூறுகள் உடைந்து, ஹைட்ரஜனை இழந்து, கரி வளையங்களாகச் சேர்ந்து, நுண்துகள்களாகத் திரளும். திரியை அளவுக்கு மீறி ஏற்றிய மண்ணெண்ணெய் விளக்கு சிம்னியைக் கரியாக்குவது இதே வேதியியல்தான். பிறந்த கரி முழுதும் வெளியே வருவதில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. பெரும்பகுதி அதே சிலிண்டரில், பிஸ்டன் இறங்கும்போது, மிச்சமிருக்கும் ஆக்சிஜனோடு மோதி எரிந்துவிடுகிறது. எரிவதற்கு நேரமோ காற்றோ போதாமல் தப்பியதே புகை.

ஆகவே புகையைக் கூட்டுபவை இரண்டு. ஒன்று காலம்: பம்ப் டைமிங் பின்தங்கினால் பீய்ச்சல் தாமதமாகும், கரி எரிந்து தீர நேரம் இருக்காது. மற்றது காற்று: ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ குழாயில் கசிவு, அல்லது டர்போ சுழன்று எழும் முன்பே டீசல் முழு அளவில் பாய்வது. பழைய ஜீப்புகளின் மெக்கானிக்கல் பம்ப் கால் மிதித்ததைக் கேட்டு டீசல் தரும், காற்று வந்து சேர்ந்ததா என்று பெரிதாக விசாரிக்காது. காமன் ரெயில் இன்ஜினோ எத்தனை கிராம் காற்று உள்ளே போகிறது என்று உணரி வழியாக அளந்து, அதற்கு மேல் டீசலை விடுவதில்லை. வளி அழுத்தத்தைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் பீய்ச்சுவதால் துளிகளும் மிகப் பொடி. நம் ஜிப்சிக்குள் உட்கார்ந்த ஸ்விஃப்ட் இன்ஜின் ஆரோக்கியமாக இருந்து, காற்றளக்கும் உணரியும் அதன் குழாயும் ஒழுங்காகப் பொருத்தப்பட்டிருந்தால், ஃப்ரீ ஆக்சிலரேஷன் சோதனையில் 65 எங்கே, 50-ஐக்கூட எட்டிப் பார்க்காது. தான் பிறந்த வண்டியில் பெற்ற அதே மதிப்பெண்ணை இங்கேயும் வாங்கும்.

அந்தமானுக்கு இதில் ஒரு சாதகமும் உண்டு. பெரும்பாலும் கடல் மட்டம். டிக்ளிப்பூருக்கு அருகில் உள்ள சேடில் பீக் சிகரமே 732 மீட்டர்தான். ஊட்டியில், 2,200 மீட்டருக்கு மேலே, காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே பம்ப் திருகைச் சரியாக வைக்காத ஜீப் கறுப்பாகக் கக்கும், அதே ஜீப்பைக் கடற்கரைக்கு இறக்கினால் பாதி குணமாகிவிடும். தீவின் ஈரக்காற்று இதில் கொஞ்சம் திருப்பி எடுத்துக்கொள்கிறது. 30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், இன்ஜின் இழுக்கும் காற்றில் மூன்று விழுக்காட்டுக்கு மேல் நீராவி. அத்தனை ஆக்சிஜன் குறைவு. ஆனால் ஊட்டி இழப்போடு ஒப்பிட்டால் இது சில்லறை.

புகைமானி பார்க்காததைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டீசலின் பெரிய நச்சு கரி மட்டுமல்ல. எரியறை மிகச் சூடாகும்போது காற்றில் சும்மா இருந்த நைட்ரஜனும் எரிந்து நைட்ரஜன் ஆக்சைடு ஆகிறது. அது நிறமற்றோ மெல்லிய பழுப்பாகவோ போய்விடும், பச்சை ஒளி அதைத் தடையின்றிக் கடக்கும். கரியும் நைட்ரஜன் ஆக்சைடும் எதிரும் புதிருமானவை. எரியறையைச் சூடாக்கினால் கரி குறையும், நைட்ரஜன் ஆக்சைடு கூடும். குளிர்வித்தால் தலைகீழ். குளிர்விப்பதற்காகவே வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விடும் இஜிஆர் வால்வு இருக்கிறது. இன்ஜின் மாற்றும்போது பல பட்டறைகளில் முதலில் தகடு வைத்து அடைப்பது அதைத்தான், “கரி பிடிக்குது சார்” என்று. அடைத்ததும் புகை குறையும். சோதனையில் எண் அழகாக வரும். கண்ணுக்குத் தெரியாத நச்சு கூடியிருக்கும். குற்றம் செய்தவனுக்கே கருவி நல்ல மதிப்பெண் போடுகிறது.

துகள் வடிகட்டி பொருத்திய புதிய டீசல்களுக்கு இந்தக் குருட்டுத்தன்மை இன்னும் அதிகம். நல்ல வடிகட்டி இருந்தால் புகை ஏறத்தாழ பூஜ்யம். அதை வெட்டி எறிந்தாலும் நவீன இன்ஜின் பழைய வரம்புக்குள்ளேயே நின்றுவிடக்கூடும். ஐரோப்பாவில் சில நாடுகள் இதை உணர்ந்துதான், ஒளியை விட்டுவிட்டுத் துகள்களை எண்ணும் கருவிக்கு மாறின. பெல்ஜியம் 2022 ஜூலையில், நெதர்லாந்து 2023 ஜனவரியில், ஜெர்மனி அதே ஆண்டு ஜூலையில்.

இப்போது நம் ஜிப்சியைச் சோதனை நிலையத்துக்கு ஓட்டிப் போவோம். அங்கே ஒரு விநோதம் காத்திருக்கிறது. பியுசி (மாசுக் கட்டுப்பாட்டு) சான்று இப்போது அரசின் ‘வாகன்’ பதிவுத் தரவுத்தளத்தோடு இணைந்தது. 2021 ஜூனில் வந்த அறிவிக்கை நாடு முழுவதற்கும் ஒரே படிவத்தையும் க்யூஆர் குறியீட்டையும், தேறாத வண்டிக்கு நிராகரிப்புச் சீட்டையும் கொண்டுவந்தது. வண்டி எண்ணைத் தட்டியதும் எரிபொருள், மாசுத் தரநிலை எல்லாம் திரையில் வந்து நிற்கும். ஏஎன் 01 ஜிப்சி, பெட்ரோல், பிஎஸ் 2. மென்பொருள் கேட்பது புகைமானியை அல்ல, பெட்ரோல் வண்டிக்கான வாயுப் பகுப்பானை. ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.5 விழுக்காட்டுக்குள், ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 750 பங்குக்குள்.

ஒரு டீசல் இன்ஜினை இந்தச் சோதனைக்கு உட்படுத்தினால் என்ன ஆகும்? பிரமாதமாகத் தேறும். டீசல் இன்ஜின் ஐடிலில் தேவைக்குப் பல மடங்கு அதிகக் காற்றில் ஓடுகிறது. அந்த ஆக்சிஜன் வெள்ளத்தில் கார்பன் மோனாக்சைடு கிட்டத்தட்ட மிஞ்சாது. 2007-இல் ஆலையிலிருந்து வந்த அசல் பெட்ரோல் இன்ஜினே வாங்கியிராத மதிப்பெண் வரும். கொஞ்சம் விவரமான ஆபரேட்டர் அதே திரையில் ஆக்சிஜன் 18 விழுக்காடு, கார்பன் டை ஆக்சைடு இரண்டு மூன்று என்று நிற்பதைப் பார்த்து முகம் சுளிப்பார். பெட்ரோல் இன்ஜினில் கார்பன் டை ஆக்சைடு 13, 14 என்று இருக்க வேண்டும். அந்த எண்களை மீறி அச்சிடப்படும் சான்று பொய்ச்சான்றுதான், க்யூஆர் குறியீடு இருந்தாலும்.

உப்புக்காற்று இங்கே இன்னொரு வேலை செய்கிறது. தீவில் சைலன்சர் குழாய்கள் சீக்கிரம் துருப்பிடித்து ஓட்டையாகும். பெட்ரோல் வண்டியில் அந்த ஓட்டை வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டால் அளவுகள் நீர்த்துப்போகும். ஆக்சிஜன் உணரிக்கு முன்னால் ஓட்டை என்றால் இன்னும் மோசம். காற்று அதிகம் என்று இன்ஜின் கணினி ஏமாந்து பெட்ரோலைக் கூட்டும், மாசு நிஜமாகவே ஏறும். அதே துரு சேஸ் எண்ணையும் அரிக்கும். எஃப்.சி. பார்க்கும் அதிகாரி பென்சில் தேய்த்து அச்சு எடுக்கும்போது இரண்டு இலக்கம் மங்கி நின்றால், இன்ஜின் மாற்றாத வண்டிக்கும் சந்தேகம் வரும். பதினைந்து ஆண்டு தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2007 ஜிப்சி அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது.

அதிகாரி போனெட்டைத் திறக்கிறார். ஆர்சியில் பெட்ரோல், உள்ளே டீசல். எண்ணும் வேறு. இங்கே 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வருகிறது. பழைய தலைமுறைக்கு இது வேறு மாதிரி நினைவிருக்கும். பெட்ரோல் ஜீப்பை டீசலாக்குவது ஒரு காலத்தில் சாதாரணம், ஆர்டிஓவிடம் முன் அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்றிக்கொள்வார்கள். அன்றைய சட்டம் கேட்டது அனுமதியை மட்டும். 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை மாற்றியது. ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு முரணாகும்படி எந்த மாற்றமும் கூடாது. பாரத் ஸ்டேஜின் முதல் படியான ‘இந்தியா 2000’ மாசு வரம்பு நாடு முழுக்க வந்ததும் அதே ஆண்டு. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. மாநில விதிகள் இடம் கொடுத்தாலும் மத்தியச் சட்டத்தை மீற முடியாது என்றது. அதே ஆண்டின் சட்டத்திருத்தம் தண்டனையையும் எழுதியது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இதைக் கேட்டதும் ஜீப் பிரியர்கள் கொதிப்பார்கள். 2007-இன் பிஎஸ் 2 இன்ஜினை எடுத்துவிட்டு, அதைவிடப் புதிய பிஎஸ் 4 இன்ஜின் வைப்பது எப்படிக் குற்றம், காற்று நன்றாகத்தானே ஆகிறது என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பதில் அவர்கள் நினைப்பதைவிடச் சிக்கலானது. கார்களின் மாசு வரம்பு இன்ஜினுக்குத் தரப்படுவதில்லை. கிலோமீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று முழு வண்டிக்குத் தரப்படுகிறது. பிஎஸ் 6 டீசல் கார் என்றால் நைட்ரஜன் ஆக்சைடு 80, துகள் 4.5. வண்டியை உருளைமேல் ஏற்றி, 1,180 நொடி நீளும் இந்திய ஓட்டுச்சுழற்சியில் ஓட்டி, வெளியேறும் புகையைப் பையில் பிடித்து அளந்து பெறும் எண் அது. ஸ்விஃப்ட் எடையும் ஜிப்சி எடையும் ஏறத்தாழ அருகருகே இருக்கலாம். காற்றைக் கிழிக்கும் விதம் ஒன்றல்ல. ஜிப்சிக்கு நிமிர்ந்த கண்ணாடி, சதுர முகம், தடித்த டயர், இரண்டு டிஃபரன்ஷியல், ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸ். அதே அறுபது கிலோமீட்டர் வேகத்துக்கு இன்ஜின் வேறு சுழற்சியில், வேறு சுமையில் உழைக்கும். தன் கணினியில் ஒருபோதும் மாசுக்காகத் திருத்தப்படாத மூலைகளில் போய் நிற்கும். ஸ்விஃப்டில் வாங்கிய சான்று ஜிப்சியில் செல்லாது என்பது இயற்பியலிலேயே உண்மை, அதிகாரிகளின் பிடிவாதம் மட்டுமல்ல.

வினையூக்கிக் குடுவையும் அப்படித்தான். அது வேலை செய்யத் தொடங்க 250, 300 பாகை சூடு வேண்டும். ஆலையில் அதை இன்ஜினை ஒட்டி வைத்திருப்பார்கள். இடமில்லை என்று பட்டறையில் ஒரு மீட்டர் பின்னால் தள்ளினால், பாதிப் பயணம் வரை குளிர்ந்தே கிடக்கும்.

கனரக லாரிகளில் கதை வேறு. அங்கே வரம்பு இன்ஜினுக்கே, கிலோவாட் மணிக்கு இத்தனை கிராம் என்று, இன்ஜினைத் தனியே மேடையில் கட்டிச் சோதித்துத் தரப்படுகிறது. ஆகவே சான்று இன்ஜினோடு பயணம் செய்யும் என்ற எண்ணம் ஒரேயடியாக அபத்தமல்ல. கலிபோர்னியா அதைக் கார்களுக்கே நீட்டிப் பார்த்தது. அங்கே இன்ஜின் மாற்றலாம், நிபந்தனைகளோடு. புது இன்ஜின் வண்டியின் ஆண்டுக்குச் சமமாகவோ பிந்தியதாகவோ இருக்க வேண்டும். இன்ஜினைக் கொடுத்த வண்டியின் மாசுத் தடுப்புக் கருவிகள் எல்லாமே, உணரி, குடுவை, வால்வு ஒன்று விடாமல், கூடவே வர வேண்டும். பிறகு ‘ரெஃபரி’ என்றே அழைக்கப்படும் அரசு நடுவர் நிலையத்தில் பார்வையிட்டு, சோதித்து, வண்டியில் ஒரு ஒட்டுச்சீட்டு ஒட்டுவார்கள். அதற்குப் பிறகு சாதாரணச் சோதனை நிலையங்கள் அந்தச் சீட்டைப் பார்த்துச் சோதிக்கும். பிரிட்டன், 2002 செப்டம்பருக்கு முன் சாலைக்கு வந்த வண்டிகளில், வண்டி, இன்ஜின் இரண்டில் எது பழையதோ அதன் வரம்பைப் பொருத்துகிறது. தாராளம்தான், ஆனால் தெளிவு.

நம் நாட்டில் அந்த நடுவர் இல்லை. ஒரு தனி வண்டிக்கு முழு மாசுச் சான்று வேண்டுமென்றால், தயாரிப்பாளர்களுக்காக உள்ள ஆய்வகங்களின் வாசலில் நிற்க வேண்டும். புனேயில் 1966-இல் தொடங்கிய ஏஆர்ஏஐ, மானேசரில் ஐகேட், சென்னைக்கு அருகே ஒரகடத்தில் ஜிஏஆர்சி. போர்ட் பிளேர்க்காரருக்கு மிக அருகில் உள்ள உருளைமேடை ஒரகடத்தில் இருக்கிறது, வங்காள விரிகுடாவின் மறுகரையில். வண்டியைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோனாலும், அங்கே தரப்படுவது ஒரு மாதிரிக்கான சான்று, ஒருவருடைய கைவேலைக்கானது அல்ல. சட்டத்தில் கதவு இல்லாமல் இல்லை. மாற்றங்களுக்கான தரங்களையும் நிபந்தனைகளையும் மத்திய அரசு வகுக்கலாம் என்று 2019 திருத்தமே 52-ஆம் பிரிவில் சேர்த்திருக்கிறது. அந்தக் கதவின் வழியாக இதுவரை உள்ளே வந்தவை பெரும்பாலும் எரிபொருள் மாற்றங்கள். 2022 ஆகஸ்டில் வந்த விதி 3.5 டன்னுக்குக் குறைந்த பிஎஸ் 6 வண்டிகளில் டீசல் இன்ஜினை எடுத்துவிட்டு சிஎன்ஜி, எல்பிஜி இன்ஜின் வைக்கக்கூட இடம் தருகிறது, அங்கீகாரம் பெற்ற கிட் ஆக இருந்தால். எரிவாயுக் குழாய் கடல் தாண்டி வராத தீவில் அதனால் ஆவது அதிகமில்லை.

பழம்பெரும் வண்டி என்று பதிவு செய்து தப்பலாமா என்று கேட்பவர்களும் உண்டு. 2021 ஜூலை விதிப்படி வண்டிக்கு ஐம்பது வயது தாண்டியிருக்க வேண்டும், சேஸும் பாடியும் இன்ஜினும் பெரிய மாற்றமின்றி அசலாக இருக்க வேண்டும். இன்ஜின் மாற்றிய பழைய வில்லிஸ் ஜீப் அந்தப் பட்டியலில் சேராது.

மின்சாரக் கிட் ஒரு வழி. ஏஐஎஸ் 123 என்ற தரத்தின்படி அங்கீகாரம் பெற்ற கிட்டை அங்கீகாரம் பெற்ற பட்டறையில் பொருத்தினால் ஆர்சியில் எரிபொருள் மாறும், பியுசி தொல்லையும் போகும். ஆனால் கிட் எந்த மாதிரி வண்டிக்கு அங்கீகாரம் பெற்றதோ அதற்கு மட்டுமே. தவிர, அந்தமானின் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்றும் டீசல் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது. நெய்வேலி நிறுவனம் அங்கே 20 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைத்திருக்கிறது, தேசிய அனல் மின் கழகத்தின் 5 மெகாவாட்டும் இருக்கிறது. பகலில் சார்ஜ் போட்டால் ஓரளவு மனச்சாட்சி தாங்கும்.

என் பார்வையில், தீவுக்கு வேண்டியது ஒரகடம் அளவுக்கு ஆய்வகம் அல்ல. போக்குவரத்து இயக்குநரகத்தில் ஒரு நடுவர் மேசை போதும். இன்ஜினைக் கொடுத்த வண்டியின் ஆர்சி ரத்தானதற்கான ஆவணம், இன்ஜின் எண், மாசுத் தடுப்புக் கருவிகளின் பட்டியல், கணினிப் பிழைக்குறிகளைப் படிக்கும் ஒரு ஸ்கேனர், புகைமானி. இவை எதுவும் புதுமையல்ல, பெரும்பாலானவை ஏற்கெனவே அங்கே இருக்கின்றன. துகள் எண்ணும் கருவி ஒன்று மட்டும் புதிதாக வாங்க வேண்டியிருக்கும். கிலோமீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அந்த மேசையால் சொல்ல முடியாதுதான். ஆனால் இஜிஆரில் தகடு இருக்கிறதா, குடுவை வெட்டப்பட்டிருக்கிறதா என்று சொல்ல முடியும். இன்றைய பியுசியால் அதுவும் முடியவில்லை.

அதுவரை, 2007 ஜிப்சியை வைத்திருப்பவருக்குச் சட்டத்துக்குள் உள்ள வழி அதே ஜி13 வரிசைப் பெட்ரோல் இன்ஜின்தான். அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜினை மாற்றினால் பில்லையும் பழைய இன்ஜின் என்ன ஆனது என்ற ஆவணத்தையும் வைத்து, 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து, புதிய எண்ணை ஆர்சியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். மாற்றும் கையோடு ஆக்சிஜன் உணரியையும் வினையூக்கிக் குடுவையையும் புதுப்பித்து, துருப்பிடித்த முன்குழாயை மாற்றிவிட்டால் 0.5 விழுக்காடு ஒரு பிரச்சினையே அல்ல. இழுவை போதவில்லை என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்சைப் போட்டுத்தான் சேற்றைக் கடக்க வேண்டியிருக்கும். ஜிப்சிக்கு அது முதல் நாளிலிருந்தே இருக்கிறது.